சொல்லும் சுரமும் சேரும் இடம்: சேர்ந்திசைக் குழுவும் கருவியிசைக் குழுவும் இணைந்து பணியாற்றத் திட்டமிடல்



நான் இசைவாணன் அல்லன். தமிழ் மொழியியலில் ஆய்வு செய்து, அதையே கற்பித்து, ஓய்வு பெற்றவன். இசைக்குழுக்களைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயம் நியாயமானதே. இருபது, முப்பது பேர் ஒரே நேரத்தில் ஒரு தமிழ்ச் சொல்லைப் பாட, அதனுடன் இன்னும் இருபது பேர் வயலினும் குழலும் முழவும் இசைக்கும்போது, அந்தச் சொல்லுக்கு என்ன நேர்கிறது என்பதே இன்று என் கேள்வி. அது மொழியியல் கேள்வியும் ஆகும். அக்கேள்வியை நான் எழுப்புவதற்கு, நானே செய்த ஒரு பிழையும் காரணம். அதைப் பின்னர் சொல்கிறேன்.

அருகருகே இருத்தலும் சேர்ந்து இசைத்தலும்

இந்த ஜார்ஜ்டவுன் நகரில் ஒலிகளுக்குப் பஞ்சமில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவில் நடந்து பாருங்கள். 1801இல் தோன்றிய பள்ளிவாசலும், செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும், கருணைத் தேவியின் சீனக் கோயிலும், குவீன் தெருவை நோக்கிய மகா மாரியம்மன் கோயிலும் சில நிமிட நடைக்குள் இருக்கின்றன. தைப்பூசத்தன்று வெள்ளி ரதம் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும்போது நாகசுரமும் தவிலும் ஒருபுறம், உறுமி மேளம் மறுபுறம், பஜனைக் குழுக்கள் இன்னொருபுறம் என வீதியே இசையாகிவிடுகிறது. 2008இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது போற்றியவற்றுள் இந்தப் பன்மையும் ஒன்று.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். இவ்வொலிகள் அருகருகே இருக்கின்றன. பெரும்பாலும் சேர்ந்து இசைப்பதில்லை. அடுத்தடுத்த வீட்டில் வாழ்வதும் ஒரே அடுப்பில் சமைப்பதும் வேறு வேறு அல்லவா? சேர்ந்து இசைக்க வேண்டுமாயின் யார் முதலில் தொடங்குவது, யார் எப்போது அடங்குவது, எந்தச் சுருதி, எந்தத் தாளம், எவர் மொழி என்பவற்றை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். திட்டமிடல் என்பது அதுதான்.

இதற்கு உள்ளூரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. பினாங்கின் போரியா ஆட்டத்தை நீங்கள் அறிவீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைப் படைப்பிரிவுகளின் முஸ்லிம் வீரர்களோடு இத்தீவுக்கு வந்ததாகக் கருதப்படும் முகரம் கால வழக்கம் இங்கே மலாய் மொழியில் வேரூன்றி, பினாங்குக்கே உரிய கலையாயிற்று. அதில் 'துக்காங் காராங்' எனப்படும் தலைவர் ஓர் அடியைப் பாடுவார்; குழுவினர் பல்லவியைத் திருப்பிப் பாடுவர்; வயலின், அக்கார்டியன், தோற்கருவிகள் உடன் வரும். புதிய செய்தியைச் சொல்லும் வரிகள் தனிக்குரலுக்கு. எல்லாரும் அறிந்த வரி குழுவுக்கு. கேட்பவருக்கு ஒரு சொல்லும் தவறாத ஏற்பாடு இது.

சிலப்பதிகாரம் தரும் ஒழுங்கு

கூட்டிசைத் திட்டத்தை மேலைநாட்டிலிருந்துதான் கற்க வேண்டும் என்பதில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை இக்கண்ணோட்டத்தில் மறுபடி படித்துப் பாருங்கள். மாதவியின் அரங்கேற்றத்துக்கு முன் ஆடலாசிரியன், இசையாசிரியன், நூல்வல்ல புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக வகுத்துரைக்கிறார். இன்றைய மொழியில் சொன்னால், அது ஒரு பணியாளர் பட்டியல். ஒவ்வொருவரின் பொறுப்பும் அதில் தெளிவாக இருக்கிறது.

அவற்றுள் மூன்று செய்திகள் நமக்கு வேண்டியவை. முதலாவது, இசையாசிரியன் யாழையும் குழலையும் தாளத்தையும் மிடற்றையும் தண்ணுமையையும் ஒன்றுபடுத்த வல்லவனாக மட்டும் இருந்தால் போதாது. பாடலை எழுதிய கவியின் குறிப்பையும் உணர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது, முழவு இசைப்பவன் மற்றக் கருவிகளின் குறையை நிரப்பவும் மிகுதியை அடக்கவும் தெரிந்தவனாக, எதையும் மிகைபடாமல் செய்பவனாக இருக்க வேண்டும். மூன்றாவது, அரங்கில் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும் வரிசை. குழலைப் பின்பற்றி யாழ், யாழைப் பின்பற்றித் தண்ணுமை, தண்ணுமையைப் பின்பற்றி முழவு என்று மெல்லொலியிலிருந்து வல்லொலிக்கு அது செல்கிறது. எல்லாக் கருவிகளும் முதல் நொடியிலேயே முழங்க வேண்டும் என்று எண்ணும் இன்றைய மேடைகளுக்கு இந்த வரிசை ஒரு பாடம்.

சேர்ந்திசையின் அண்மை வரலாறு

நம் செவ்வியல் இசை மரபு பெரிதும் தனிக்குரலைச் சார்ந்தது. கூட்டாகப் பாடும் மரபு நமக்குப் பஜனையிலும், திருமுறை ஓதுதலிலும், கும்மியிலும், தேவாலயப் பாடல்களிலும் உண்டு. ஆனால் வெவ்வேறு குரல்கள் வெவ்வேறு சுரங்களில் ஒரே நேரத்தில் செல்லும் முறை, நமக்குப் பின்னர் வந்தது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' தமிழிசையின் சுருதிகளை ஆராய்ந்த பெருநூல். மேலை இசையையும் நன்கறிந்த ஒருவர் தமிழிசையின் கணக்கை விட்டுக்கொடுக்காமல் எழுதியது என்பதால் நம் பொருளுக்கு அது முதன்மையானது.

தமிழில் 'சேர்ந்திசை' என்ற சொல்லைப் பலர் நாவிலும் நிலைக்கச் செய்தவர் எம். பி. சீனிவாசன். திரைப்பட இசையமைப்பாளரான அவர் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, 1988இல் மறையும் வரை அதை வளர்த்தார். பாரதியின் பாடல்களையும் பல இந்திய மொழிப் பாடல்களையும் பல குரல்களுக்குப் பிரித்து அமைத்தார். அவருடைய குழுவில் பாடியவர்கள் பெரும்பாலும் தொழில்முறைப் பாடகர்கள் அல்லர். மாணவர்களும் அலுவலகம் செல்வோருமே. பயிற்சியற்ற குரல்களைக் கொண்டும் சேர்ந்திசை அமைக்கலாம், அதற்கேற்ப இசையமைப்பாளர் எழுதினால் போதும் என்பதை அவர் செய்து காட்டினார்.

2005இல் வெளிவந்த இளையராஜாவின் 'திருவாசகம்' இசைப்படைப்பு இன்னொரு படி. மாணிக்கவாசகரின் பாடல்களுக்குப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினர் இசைத்தனர். ஆங்கிலப் பகுதிகளை ஸ்டீபன் ஷுவார்ட்ஸ் எழுதினார். 2019இல் சிகாகோவில் நடந்த பத்தாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கு, கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலை மையப் பாடலாக இசையமைத்த ராஜன் சோமசுந்தரம், 2020இல் சங்கப் பாடல்களை அமெரிக்காவின் டர்ஹாம் சிம்பொனி இசைக்குழுவுடன் இணைத்து 'சந்தம்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் நம் கோலாலம்பூரில் நடந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வளர்ச்சியில் நமக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது.

ஒரு மாலையும் என் பிழையும்

சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் ஒரு கூட்டு நிகழ்ச்சிக்கு ஏற்பாடாயிற்று. ஒருபுறம் கோயில் திருமுறை வகுப்பில் பல்லாண்டு பாடிவந்த பெண்மணிகள். அவர்களோடு சில கல்லூரி மாணவர்கள். மறுபுறம் இளைஞர்களின் நரம்பிசைக் குழு. புதிதாக எழுதப்பட்ட ஒரு தமிழ்ப் பாடல். மாணவர்களுள் பாதிப்பேருக்குத் தமிழ் எழுத்து சரளமாக வராது. ஆகவே பாடலை ஆங்கில எழுத்தில் எழுதித் தருமாறு என்னைக் கேட்டனர். நெடிலுக்கு மேற்கோடு, ளகர ழகரங்களுக்குக் கீழ்ப்புள்ளி என்று நான் தொடங்கியபோது, அதெல்லாம் பாடகர்களைக் குழப்பும், எளிமையாக எழுதித் தாருங்கள் என்றனர். நானும் இசைந்தேன். நாற்பது ஆண்டுகள் குறில் நெடில் வேறுபாட்டை வகுப்பில் கற்பித்தவன் ஒரே மாலையில் அதை விட்டுக்கொடுத்தேன். அந்தப் பிழை முழுவதும் என்னுடையது.

விளைவு என்ன? கோடும் புள்ளியும் இல்லாத ஆங்கில எழுத்தில் 'பாடு' என்பதும் 'படு' என்பதும் ஒன்றே. 'மாலை', 'மலை', 'மழை' மூன்றுக்கும் வேறுபாடு குறைந்துவிடும். மாணவர்கள் எழுதியபடியே பாடினர். பாடச் சொல்லி அழைக்கும் பாடல், படுக்கச் சொல்லி அழைத்தது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் நடந்தது. அதில் எல்லாருக்கும் பங்குண்டு. கருவிகளுக்கான இசைக்குறிப்பு நான்கு மாதங்களுக்கு முன்பே முடிந்து அச்சாகிவிட்டது. பாடுவோருக்குப் பாடல்தாள் கிடைத்தது மூன்று வாரங்களுக்கு முன்னர். நரம்புக் கருவிகளுக்கு வசதி என்று சுருதியை 6 கட்டையில் அமைத்திருந்தனர். அந்தப் பெண்மணிகள் வழக்கமாகப் பாடுவது 4½ கட்டையில். மூன்று அரைச்சுர இடைவெளி. முதல் கூட்டு ஒத்திகையில் சுருதியைச் சற்றே இறக்கித் தரலாமா என்று கேட்டனர். எல்லாத் தாள்களும் அச்சாகிவிட்டன, இனி மாற்ற இயலாது என்ற விடை வந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் கைதட்டல் பலமாகவே இருந்தது. வெளியே வந்தபோது, குழுவில் மூத்தவரான ஓர் அம்மையார் என்னிடம் சொன்னார்: "மேடையில நின்னோம் ஐயா. பாடினோமான்னு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல." அதில் சினம் இல்லை. ஆனால் அடுத்து வந்த இரண்டு அழைப்புகளை அக்குழு ஏற்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் பாடுவதே தங்களுக்குப் போதும் என்று சொல்லிவிட்டனர். ஒரு கூட்டு முயற்சி சரியாகத் திட்டமிடப்படாவிட்டால், நாம் இழப்பது ஒரு நிகழ்ச்சியை மட்டும் அன்று; அடுத்த முறை வரக்கூடிய மனிதர்களையும் இழக்கிறோம்.

தமிழ் ஒலி கேட்பது என்ன?

இனி என் துறைக்கு வருகிறேன். தமிழைப் பல குரலில் பாடும்போது இசையமைப்பாளரும் நடத்துநரும் அறிந்திருக்க வேண்டிய சில மொழிச் செய்திகள் உண்டு.

முதலாவது மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியர் வகுத்தார். ஆங்கிலத்தில் அசையழுத்தம் பொருளைக் காக்கிறது. தமிழில் அந்த வேலையை நீளம் செய்கிறது. ஆங்கிலப் பாடலுக்கு இசையமைப்பவர் அழுத்தமுள்ள அசையைத் தாளத்தின் வலுவான அடியில் வைப்பார். தமிழுக்கு இசையமைப்பவர் குறிலை நீட்டாமலும் நெடிலைச் சுருக்காமலும் இருக்க வேண்டும். இசையில் குறிலும் நீளும் என்பீர்கள். உண்மை. இசையில் எழுத்துகள் தம் அளவைக் கடந்து நீள்வதும், மெய்கள் நீண்டொலிப்பதும் உண்டு என்றும், அது யாழ் நூலாரின் துறை என்றும் தொல்காப்பியரே சொல்லிச் செல்கிறார். ஆகவே நீட்டலைத் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை. வேண்டியது ஒப்பீட்டளவு மட்டுமே. ஒரே சொல்லில் குறிலும் நெடிலும் வரும்போது நெடில் குறிலைவிட நீண்டிருந்தால் காது பொருளைக் கண்டுகொள்ளும்.

இரண்டாவது சொல்லின் இறுதி. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. உயிரிலோ, ம், ன், ண், ய், ர், ல், ழ், ள் போன்ற மெல்லின, இடையின மெய்களிலோ முடிகின்றன. ஆங்கிலத்தில் பாடும் குழு, சொல்லிறுதியில் வரும் டகரத்தையும் ககரத்தையும் நாற்பது பேரும் ஒரே கணத்தில் வெட்டுவதற்காகப் பல மணிநேரம் பயில்கிறது. நமக்கு அந்த இடர் குறைவு. பதிலாக ஒரு வாய்ப்பு இருக்கிறது. மகரத்தில் முடியும் சொல்லில் குழு அந்த மகரத்தை முரலிக்கொண்டே இருக்க, தாழ்ந்த நரம்புக் கருவிகள் அதே சுரத்தை வாங்கிக்கொண்டு தொடரலாம். குரல் எங்கே முடிந்தது, கருவி எங்கே தொடங்கியது என்பது தெரியாது. தமிழுக்கே இயல்பான இந்த இணைப்பை இசையமைப்பாளர்கள் இன்னும் அதிகம் பயன்படுத்தலாம்.

மூன்றாவது குற்றியலுகரம். 'பாட்டு', 'காடு', 'அன்பு' போன்ற சொற்களின் இறுதி உகரம் அரை மாத்திரையே. இதழ் குவியாமல் ஒலிப்பது. மேலை முறையில் பயின்ற குழு அதை இதழ் குவித்து நீட்டும்போது சொல் அயல்மொழிபோல் ஆகிறது. சொல்லிறுதியில் நீண்ட சுரம் வேண்டுமானால், நீட்டலை முந்தைய உயிரில் வைத்து, உகரத்தை இறுதிக் கணத்தில் தொட்டு விடலாம்.

நான்காவது வல்லெழுத்தின் ஒலி மாற்றம். ககரம் சொல்முதலில் ஒருவிதமாகவும், மெல்லினத்தின் பின் ஒருவிதமாகவும், இரு உயிர்களுக்கிடையே இன்னொருவிதமாகவும் ஒலிக்கும். தமிழ் எழுத்தை அறிந்தவருக்கு இது தானாக வரும். ஆங்கில எழுத்தை மட்டும் பார்ப்பவருக்கு வராது.

ஐந்தாவது எதுகையும் மூச்சும். எதுகை அடிதோறும் இரண்டாம் எழுத்தில் அமைகிறது. ஒவ்வோர் அடியிலும் அவ்வெழுத்து தாளத்தின் ஒரே இடத்தில் விழுந்தால் கேட்பவர் பாடலின் கட்டுமானத்தை உணர்வர். அதுபோல, மூச்சு வாங்கும் இடம் சொல் முடியும் இடமாக இருக்க வேண்டும். புணர்ச்சியில் இணைந்த சொற்களை நடுவில் முறித்து மூச்சு வாங்கினால் பொருள் சிதையும். பாடல்தாளில் மூச்சுக்குறியை இடும் பணியை மொழியறிந்த ஒருவரிடம் ஒப்படைப்பது நல்லது.

கருவியின் பக்கமும் கேட்போம்

மொழிக்காக மட்டும் வாதிடுவது நேர்மையாகாது. கருவியாளர்களுக்கும் நியாயமான இடர்கள் உண்டு. நம் பாடகர்கள் சுருதியைத் தம் மிடற்றுக்கேற்ப அமைத்துக்கொள்வர். வயலின் மாணவருக்கோ விரல் பழகிய சுருதிகள் சில. 2 கட்டை, 5 கட்டை, 6 கட்டை ஆகியவை அவற்றின் திறந்த நரம்புகளோடு ஒத்துப்போகும். 4½ கட்டையை ஐந்துகோட்டில் எழுதினால் ஆறு சுரங்களுக்குக் கூர்ப்புக் குறி வரும், இளைஞர் தடுமாறுவர். ஆனால் 4 கட்டையில் ஒரே ஒரு மாற்றக் குறிதான். கிளாரினெட், டிரம்பெட் போன்ற காற்றுக் கருவிகளுக்கும் அது வசதி. 5 கட்டையும் எளியதே. அந்த நிகழ்ச்சியில் முதல் வாரத்திலேயே பாடுவோரைக் கேட்டிருந்தால் 4 கட்டையிலோ 5 கட்டையிலோ இருதரப்பும் உடன்பட்டிருக்கும். கேட்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

தாளத்திலும் ஒரு மொழிபெயர்ப்பு தேவை. ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கை, மேலை முறையில் நான்கு எண்ணிக்கை கொண்ட இரண்டு பார்கள். பாடகர் 'மூன்றாம் ஆவர்த்தனம்' என்பதும் நடத்துநர் 'ஐந்தாம் பார்' என்பதும் ஒரே இடமாக இருக்கலாம். இருவகை எண்ணையும் இருவர் தாளிலும் அச்சிட்டால் ஒத்திகையில் பாதி நேரம் மிஞ்சும். பாடல் தாளம் தொடங்கிய பின் அரை இடம் தள்ளி எடுக்கப்படுமானால், அதையும் கருவிக் குழுவுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கமகம் இன்னொன்று. அசையும் காந்தாரத்தின் கீழே அசையாத கூட்டுச்சுரத்தை வைத்தால் இரண்டும் மோதும். தேவாரப் பண்களுள் பழம்பஞ்சுரம் இன்று சங்கராபரணமாகப் பாடப்படுகிறது. அது மேலை இசையின் மேஜர் அளவுகோலோடு ஒத்திருப்பதால் முதல் முயற்சிக்கு ஏற்றது. கமகம் மிகுந்த பண்ணை எடுத்தால், கருவிகள் ஆதார சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். மௌனமும் இசைக்குழுவின் பணியே. 1824இல் வியன்னாவில் அரங்கேறிய பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் பாடகர் குழு முதல் மூன்று பகுதிகளில் வாய் திறப்பதே இல்லை. அக்காத்திருப்பே நான்காம் பகுதியில் குரல் எழும்போது வலிமை தருகிறது. கருவிகளுக்காகக் குரல்கள் அங்கே காத்திருக்கின்றன. சொல்லுக்காகக் கருவிகள் காத்திருப்பதும் இழுக்காகாது.

ஒலியளவும் கருத்தில் கொள்ளத்தக்கது. தவிலும் உறுமியும் திறந்த வெளிக்காகப் பிறந்தவை. மூடிய அரங்கில் வயலினோடு அவற்றை அமர்த்தும்போது இடமும் தொலைவும் பார்த்து அமர்த்த வேண்டும். ஒலிவாங்கியை மட்டும் நம்பக்கூடாது. சிலம்பு சொன்ன 'அடக்கத் தெரிந்த முழவோன்' இங்கே நினைவுக்கு வரட்டும்.

ஒரு காலவரிசை

இவற்றையெல்லாம் தொகுத்து, ஆறு மாதத் திட்டம் ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் மாதம் பாடல் தேர்வு. பதிப்புரிமையை இப்போதே பார்த்துவிட வேண்டும். நம் நாட்டில் பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின் 50 ஆண்டுகள் வரை உண்டு. பாரதியின் பாடல்களை 1949இல் சென்னை அரசு வாங்கி நாட்டுடைமையாக்கியது. ஆகவே அவற்றில் தடையில்லை. அதே மாதத்தில் பாடுவோரை நேரில் சந்தித்து, அவர்கள் எளிதாகப் பாடும் சுருதியையும், எட்டக்கூடிய மேல் எல்லை, கீழ் எல்லையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் மாதம் இசையமைப்பு. குரல் பகுதிகள் முதலில். கருவிப் பகுதிகள் பின்னர். ஆணும் பெண்ணும் சேர்ந்த குழுவில் ஒரே சுருதி இருபாலார்க்கும் பொருந்தாது. அடிகளைப் பகிர்ந்தோ, ஆண்களுக்குத் தாழ்ந்த துணைக்குரல் எழுதியோ இதைத் தீர்க்கலாம். புதுச் செய்தி தனிக்குரலுக்கு, அறிந்த வரி குழுவுக்கு என்னும் போரியா முறையையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாம் மாதம் பாடல்தாள். தமிழ் எழுத்து மேல்வரியில். தேவைப்படுவோர்க்கு நெடிற்கோடும் கீழ்ப்புள்ளியும் கொண்ட ஒலிபெயர்ப்பு அதன் கீழே. மூன்றாம் வரியில் பொருள், மலாயிலோ ஆங்கிலத்திலோ. கருவி இசைப்போர்க்கும் இத்தாளைத் தர வேண்டும். எச்சொல்லுக்குத் துணை செய்கிறோம் என்று அறிந்த வயலின் கலைஞர் வேறுவிதமாக வாசிப்பார். ஆசிரியர் ஒருவர் நிதானமாகப் படித்துக் காட்டிய ஒலிப்பதிவையும் சேர்க்கலாம்.

நான்காம் மாதம் தனித்தனி ஒத்திகை. செவிவழி கற்கும் பாடகர்க்கு நேரம் அதிகம் தேவை. குறிப்பைப் பார்த்து வாசிக்கும் கருவியாளர்க்குக் குறைவு. ஆகவே பாடகர் முதலில் தொடங்கட்டும். முதல் ஒத்திகையில் பாடாமல், பாடலைச் சேர்ந்து வாசிக்கட்டும். பள்ளிகளில் குழுவாய்ச் செய்யுள் ஒப்புவிக்கும் வழக்கம் நமக்குப் பழகியதே.

ஐந்தாம் மாதம் இரண்டு கூட்டு ஒத்திகைகள். இசைக்குறிப்பின் இறுதி அச்சு இவற்றுக்குப் பின்னரே. முதல் ஒத்திகை கருவிக் குழுவின் கூடத்தில் நடந்தால், இரண்டாவது கோயில் மண்டபத்திலோ தேவாலயக் கூடத்திலோ நடக்கட்டும். எப்போதும் ஒரு தரப்பே விருந்தினராக இருக்கக் கூடாது.

ஆறாம் மாதம் அரங்க ஒத்திகை. பாடலை முன்பு அறியாத ஒருவரைக் கடைசி வரிசையில் அமர்த்தி, கேட்ட சொற்களை எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதிய தாளே நம் தேர்வு முடிவு.

நிறைவாக

1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பை நாட்டின் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். நம் பிள்ளைகளுள் பலர் இன்று வயலினும் பியானோவும் கிளாரினெட்டும் பயில்கின்றனர். வேறு சிலர் திருமுறை ஓதும் விழாக்களில் பரிசு பெறுகின்றனர். ஒரே வீட்டில் அக்காள் தேவாரமும் தம்பி செல்லோவும் பயில்வதைக் கண்டிருக்கிறேன். அவ்விருவரும் சேர்ந்து இசைப்பதற்குரிய பாடல்தான் அவ்வீட்டில் இல்லை. அதை உண்டாக்கும் பொறுப்பு இசைவாணர்க்கும் நமக்கும் பொதுவானது. இம்மன்றம் வேறொன்றும் செய்ய வேண்டா. மாத்திரையும் மூச்சும் பொருளும் குறித்த பாடல்தாள்களை ஆண்டுக்கு நான்கு அணியப்படுத்தி எல்லாக் குழுக்களுக்கும் தந்தால் போதும். அவற்றைத் திருத்திக் கொடுக்கும் பணியை நான் ஊதியமின்றி ஏற்கிறேன். நான் பட்ட கடன் அது.

சென்ற மாதம் அப்படிப்பட்ட தாள் ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு, அந்த மூத்த அம்மையாரைக் கோயிலில் சந்தித்தேன். கண்ணாடியை அணிந்து முழுவதும் படித்தார். நெடிலுக்கு மேலிருந்த கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். வருவதாகவோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை. "எத்தன கட்ட, ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்கள்தான் அம்மா சொல்ல வேண்டும்" என்றேன்.

அவருடைய விடைக்காக அத்தாளில் ஓரிடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.